இரண்டு அறிஞர்கள், ஓர் அட்டை, நடுவில் நான்

துபாஷி உத்தியோகத்தில் இருக்கும் ஒரே வசதி, இரண்டு பக்கத்தாரும் நம்மைத் திட்டுவது இரண்டு பாஷையிலும் நமக்குப் புரியும் என்பதுதான். எனக்கு அந்த வசதியும் பாதிதான். நான் பார்த்தது தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிற வேலை. இரண்டு மேலதிகாரிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர் யாராவது இதைப் படித்தால் என் வயிற்றெரிச்சல் அவருக்குப் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். ஒரு மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை காற்றோடு போய்விட்டது. கூரை வரும்வரை வாத்தியாருக்கும் வேலையில்லை என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான், றொசல்லவில் ஒரு தோட்டத்துக்கு ஆராய்ச்சிக்காரர்கள் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று அவர்களுக்குப் பணம் கொடுத்தது. மனிதர்களுக்கு ஒரு விஷயம் எப்படித் தெரியவந்தது, யார் யாருக்குச் சொன்னார்கள், அது எங்கேயிருந்து எங்கே போனது என்று ஆராய்வதற்கான பணம். அதைத் தனி ஆளுக்குக் கொடுக்கமாட்டார்கள். வெவ்வேறு படிப்புப் படித்த இரண்டு பேர் ஜோடியாக வரவேண்டும், ஒரே கூரையின் கீழ் இருந்து ஒன்றாக வேலை செய்யவேண்டும். ஒருவர் விலகினால் மற்றவருக்கும் பணம் நின்றுவிடும். கல்யாணத்தில்கூட இவ்வளவு கண்டிப்புக் கிடையாது.

எங்கள் ஜோடியில் ஒருவர் கலாநிதி விசுவலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், விலங்கியல் படித்தவர். மற்றவர் மிஸ் பெல். லண்டனில் சரித்திரம் படித்தவர். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள், அட்டைக்கடிக்கு மலைநாட்டு மக்கள் செய்யும் கைவைத்தியம். றொசல்லவில் பெய்கிற மழைக்குத் தேயிலை எவ்வளவு வளருமோ அதைவிட அட்டை அதிகம் வளரும். ஆகவே இடத்தேர்வில் குறை சொல்லமுடியாது.

தமிழுக்குத் தமிழ்

முதல் நாள் காமாட்சியிடம் போனோம். காமாட்சி நாற்பது வயது மதிக்கத்தக்க கொழுந்து பறிக்கும் அம்மாள். தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி சத்தமாகப் பேசுகிறவர். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். எனக்கு முந்திக்கொண்டு மிஸ் பெல் கைகூப்பினார். பழைய இலக்கணப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு தானாகவே தமிழ் கற்றவர் அவர். "அம்மையீர், அட்டை நும்மைப் பற்றியக்கால் நீவிர் யாது செய்வீர்?" என்றார். காமாட்சி கோடரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். கோயில் ஐயர் ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்திருக்கவேண்டும்.

விசுவலிங்கம் ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. "உப்பிடிக் கேட்டால் ஆருக்கு விளங்கும்? எணை, அட்டை கடிச்சாப் பிறகு நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?" என்றார். காமாட்சி அவரைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "அட்டை கடிச்சா என்ன செய்வீங்கன்னு கேக்குறாங்க" என்றேன். "அதையா கேட்டாங்க? மாஸ்டரு, இவுங்க ரெண்டு பேரும் என்னா பாஷை பேசுறாங்க?" தமிழ்தான் என்றேன். காமாட்சி கேட்டார்:

"அப்ப நாம பேசுறது என்னாங்க?"

உப்பைத் தள்ளச் சொல்லுங்கோ

அவர்கள் ஒன்றாக வேலை செய்த காலம் மிகவும் குறுகியது. அட்டைக்கு உப்பா சுண்ணாம்பா என்பதில் பிரிந்தார்கள். உப்புப் போட்டால் அட்டை சட்டென்று விழுகிறது, விஷயம் முடிந்தது என்றது விலங்கியல். சுண்ணாம்பு வைக்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது, அவர் யாரிடம் சொன்னார் என்பதுதான் விஷயம், அட்டை விழுகிறதா என்பது அட்டையின் கவலை என்றது சரித்திரம். "ஊர்வம்பு விசாரிக்கிறதுக்கு லண்டன் பட்டம் எதுக்கு?" என்று ஐயா கேட்டார். "உப்பு வணிகருக்குப் பட்டம் எற்றுக்கு?" என்று அம்மா கேட்டார். அத்தோடு பேச்சு நின்றது.

தங்கியது என்னவோ ஒரே பங்களாவில். துரைக்கு உதவியான சின்னத்துரை இல்லாமல் காலியாகக் கிடந்த வீட்டைக் கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் ஐயா ஒரு முனையில், அம்மா மறு முனையில், நடுவில் நான். "மாஸ்டர், உந்த உப்பை இஞ்சால தள்ளச் சொல்லுங்கோ" என்பார் ஐயா. நான் அம்மாவின் பக்கம் திரும்பி, "உப்பைக் கேட்கிறார்" என்பேன். "தரலாகாது என்று உரைப்பீராக" என்பார் அம்மா. என் சோறு ஆறிப்போகும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சமையற்காரர் பியதாச, தன் அரைத் தமிழில் என் காதோடு சொன்னார்:

"மாத்தயா, நம்ம வீட்டுல நோனா, நான், ரெண்டு பேரும் இப்பிடித்தானே. ஆனா நமக்கு யாரும் சல்லி குடுக்கிறது இல்ல."

பெண் பார்த்த இடத்தில்

வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முத்தையாபிள்ளையின் மகள் புஷ்பம். நானும் என் மாமாவும் போனோம். பலகாரம் வந்தது. பெண்ணும் வந்து நின்றது. எனக்குப் பிடித்துவிட்டது. அந்தப் பெண்ணும் முகத்தைச் சுளிக்கவில்லை. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது முத்தையாபிள்ளை, "தம்பிக்கு இப்ப என்ன உத்தியோகம்?" என்றார். வெள்ளைக்காரர் பணத்தில் நடக்கிற ஆராய்ச்சியில் உதவியாளர் என்றேன். எதைப் பற்றி என்றார். அட்டை என்றேன்.

பிள்ளையின் முகம் மலர்ந்தது. "அட்டையா! நல்ல தொழிலுங்க. நம்ம கடைக்கே சேலை வைக்க அட்டைப் பெட்டி கொழும்புலருந்துதான் வரவழைக்கிறோம். இங்கயே செஞ்சா எவ்வளவு சௌகரியம்! வெள்ளைக்காரன் வந்து ஆராய்ச்சி பண்றான்னா சும்மாவா?" என்று பத்து வருடத்துக்குத் தேவையான பெட்டிகளைப் பேச ஆரம்பித்துவிட்டார். மாமா என் தொடையைக் கிள்ளினார், சும்மா இரு என்று. வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? "அந்த அட்டை இல்லீங்க, கடிக்கிற அட்டை" என்றேன்.

கதவுக்குப் பின்னால் புஷ்பம் சிரித்த சத்தம் கேட்டது. பிள்ளை சிரிக்கவில்லை. அந்தப் பணம் எவ்வளவு காலத்துக்கு வரும் என்று விசாரித்தார். ஒவ்வொரு வருடமும் ஆள் வந்து பார்த்து, ஜோடி ஒற்றுமையாக இருந்தால்தான் அடுத்த வருடத்துக்குக் கொடுப்பார்கள் என்றேன். அடுத்த வருடமும் வேலை இருந்தால் தை மாதம் வாருங்கள் என்றார். வாசல்வரை வந்து, உண்மையான வருத்தத்தோடு என் தோளைத் தட்டிச் சொன்னார்:

"பெட்டி அட்டையா இருந்தா இன்னிக்கே தாம்பூலம் மாத்தியிருப்பேன் தம்பி."

என் கல்யாணம், உப்புக்கும் சுண்ணாம்புக்கும் நடுவில் இப்படி மாட்டிக்கொண்டது.

சுண்ணாம்பின் சொந்த ஊர்

மிஸ் பெல்லுக்கு ஒரு கேள்வி தூக்கத்தைக் கெடுத்தது. அட்டைக்குச் சுண்ணாம்பு வைக்கிற வழக்கம் திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து இந்தத் தோட்டத்து மக்களோடு கப்பலேறி வந்ததா, அல்லது இங்கே வந்தபின் சிங்கள அயலவர்களிடம் கற்றுக்கொண்டதா? லயம் லயமாகக் கேட்டுத் திரிந்தோம். திருச்சிப் பக்கம் காடு கழனியில் இந்த மாதிரி அட்டையே கிடையாதே என்று ஐயா என் மூலமாக ஓர் ஆட்சேபணை அனுப்பினார். மாட்டுப்புண்ணுக்கு வைத்திருப்பார்கள் என்று அம்மா என் மூலமாகவே பதில் அனுப்பினார்.

கடைசியில் காமாட்சியிடமே போனோம். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப்போட்டுவிட்டு எங்கள் ஆட்கள் எல்லோரும் காத்திருந்த நேரம் அது. காமாட்சி தன் தகப்பனார் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி தேடி அரசாங்கக் கச்சேரிக்கும் தோட்டத்து ஆபீசுக்கும் நடந்து அப்போதுதான் திரும்பி வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் கேள்வியைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்: "இந்தச் சுண்ணாம்பு வைக்கிற பழக்கம் இந்தியாவுதா, இலங்கையுதான்னு அம்மா கேக்குறாங்க." காமாட்சி வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னதை நான் எந்தத் தமிழிலும் மொழிபெயர்க்கவில்லை. தேவையிருக்கவில்லை.

"எனக்கே எந்த ஊருன்னு இன்னும் முடிவாகல. சுண்ணாம்புக்கு என்னா அவசரம்?"

ஜாம் போத்தல்

அட்டை இல்லாத ஊரில் அட்டை வைத்தியம் தெரிந்திருக்குமா என்று அடுத்த தகராறு. தெரியாது என்றார் ஐயா. கடி போனாலும் கதை இருக்கும் என்றார் அம்மா. நல்ல குளிர்ப் பிரதேசமான கந்தப்பளைக்குப் போய்ப் பார்ப்பதென்று முடிவானது. அங்குள்ளவர்களுக்கு அட்டையைக் காட்டிக் கேட்பதற்காக ஐயா ஒரு ஜாம் போத்தல் நிறையப் பிடித்துக்கொண்டார். அவை மூச்சுமுட்டிச் சாகும் என்று இரக்கப்பட்டு, ஐயா பார்க்காத நேரத்தில் அம்மா மூடியில் ஆணியால் துளை போட்டார். தாராள மனசுக்காரி. துளையும் தாராளமாகவே இருந்தது.

ரெயில் கொட்டகலையைத் தாண்டும்போது எதிர் சீட்டில் இருந்த அம்மாள் ஒருவர் "ஐயோ" என்று காலைத் தூக்கினார். அப்புறம் அந்தப் பெட்டியில் யாருடைய காலும் தரையில் இல்லை. ஒருவர் புகையிலையை மென்று துப்பச் சொன்னார், ஒருவர் சவர்க்காரம் என்றார், ஒருவர் மண்ணெண்ணெய் என்றார், ஒருவர் எலுமிச்சம்பழத்தையே நறுக்கிவிட்டார். சிங்களத்திலும் தமிழிலும் வைத்தியம் மழையாகக் கொட்டியது. சீட்டின் மேல் ஏறி நின்ற ஐயாவும் அம்மாவும் பல மாதங்களுக்குப் பிறகு முதல்தடவையாக நேருக்கு நேர் பேசினார்கள். "உங்கடை கழுத்திலை!" என்றார் ஐயா. "நும் செவியில்!" என்றார் அம்மா. பிறகு இருவருமே, லயம் லயமாக அலைந்தும் கிடைக்காததெல்லாம் இங்கே ஒரே பெட்டியில் கிடைக்கிறதே என்று குதூகலத்தோடு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கால் மணி நேரம் எனக்கு வேலையே இல்லை. சத்தம் கேட்டு வந்த டிக்கட் பரிசோதகர் நிலைமையை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"ரெண்டாம் வகுப்புல வந்திருக்கு. டிக்கட் எங்க?"

கந்தப்பளையில்

நானுஓயாவில் இறங்கி பஸ் பிடித்து, பல் கிடுகிடுக்கக் கந்தப்பளை போய்ச் சேர்ந்தோம். போத்தலில் மிஞ்சியிருந்தவை குளிரில் சுருண்டு மிளகு மாதிரிக் கிடந்தன. தேநீர்க்கடை வைத்திருந்த பெரியவரிடம் ஐயா அதைக் காட்டினார். அவர் மிளகு என்றே நினைத்துக் கையை நீட்டினார். அடுப்புப் பக்கத்தில் நின்றிருந்தோம். சூடு பட்டதும் மிளகு நெளிய ஆரம்பித்தது. கடையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்கள் தட்டோடு வெளியே போய்விட்டார்கள். இதற்கு என்ன வைத்தியம் தெரியும் என்று நாங்கள் மூன்று பேரும் மூன்று தமிழில் கேட்டோம். பெரியவர் போத்தலை இரண்டு விரலால் பிடித்து ஐயாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இந்த ஊருல இல்லாத தொல்லை இது ஒண்ணுதாங்க. அதையும் தேடிக் கொண்டாந்துட்டீங்களா?"

ரெயில் வராத நாள்

ரெயில் பெட்டியில் பூத்த சிநேகம் வீடு திரும்பியதும் வாடிவிட்டது. அறக்கட்டளையிலிருந்து ஆள் வரப்போகிற வாரம், அறிக்கையில் யார் பெயர் முதலில் என்று சண்டை மூண்டது. ஐயா பெட்டியைக் கட்டினார். அம்மா வாசலில் நின்று, "இவர் போயின் என் பொருளும் போம் என்று உரைப்பீராக" என்றார். "அது எனக்குத் தெரியும், அதுக்காகத்தான் போறன் எண்டு சொல்லுங்கோ" என்றார் ஐயா. நான் இரண்டையும் சொன்னேன். சொல்லும்போது ஹட்டன் துணிக்கடையின் படிகள் என் கண்முன்னால் ஒவ்வொன்றாக இடிந்து விழுந்தன. ஐயா குடையும் பெட்டியுமாக மழையில் இறங்கிப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

றொசல்ல ஸ்டேஷனில் ரெயில் இல்லை. வட்டவளைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடியிருந்தது. ஐயா பெட்டி மேல் உட்கார்ந்தார். அட்டைகள் அவர் காலில் இருந்த சப்பாத்தைக் கண்டுபிடித்துவிட்டன. ஆராய்ச்சிக்காரர் என்று அவற்றுக்குத் தெரியுமா? அவர் தட்டிவிடக்கூட இல்லை. "மாஸ்டர், அந்த மனிசி பிழையாய்ச் சொல்லேல்லை. கோவத்திலை நான்தான் கத்திப்போட்டன். ஆனா இதை நீங்கள் சொல்லக்கூடாது" என்றார். தொழில் வாழ்க்கையில் முதல் தடவையாக, சொல்லவேண்டாம் என்று ஒரு செய்தி எனக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

அப்போது மழைக்குள் ஒரு குடை வந்தது. மிஸ் பெல். கையில் உப்பு டப்பா. குனிந்து ஐயாவின் சப்பாத்தில் உப்பைக் கொட்டினார். ஐயா டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "சுண்ணாம்பு கொண்டுவரேல்லையோ?" என்று கேட்டார். என்னைப் பார்க்காமல், நேராக அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் தன் அறையிலிருந்து தலையை நீட்டினார்:

"ஐயா, ரெயில் எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. ஆனா உங்களுக்கு வரவேண்டியது வந்துருச்சு, பெட்டியைத் தூக்குங்க."

கிரே துரையின் தீர்ப்பு

அந்தச் சமாதானம் மறுநாள் காலைச் சாப்பாடுவரை நீடித்தது. அன்றைக்கே அறக்கட்டளையின் கிரே துரை காரில் வந்து இறங்கினார். வெள்ளை மீசை, மரியாதையான மனிதர், தமிழ் ஒரு சொல் தெரியாது. "நீங்கள் வழக்கம்போல வேலை செய்யுங்கள், நான் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன். இந்தத் தம்பி என் காதில் இங்கிலீஷில் சொன்னால் போதும்" என்றார். காமாட்சியை வரவழைத்து உட்கார்ந்தோம். முதல் கேள்வியிலேயே உப்பும் சுண்ணாம்பும் மோதிக்கொண்டன.

அம்மா புன்னகை மாறாமல், "இவரது அறிவு கொசுவின் மூளையினும் சிறிது என்று உரைப்பீராக" என்றார். நான் துரையின் காதில், "ஐயாவின் அறிவை அம்மா பூச்சிகளோடு ஒப்பிட்டு நுட்பமாக அளக்கிறார்" என்றேன். ஐயாவும் புன்னகையோடு, "இவ சொல்லுறதை நம்புற ஆக்களை விசராஸ்பத்திரியிலை கொண்டுபோய் விடவேணும்" என்றார். பைத்தியக்கார ஆஸ்பத்திரியை விழுங்கிவிட்டு, "அம்மாவின் கருத்தை ஏற்பவர்களின் உடல்நலத்தில் ஐயா அக்கறை காட்டுகிறார்" என்றேன். துரை தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். காமாட்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். அவருக்கு என்ன என்று துரை கேட்டார். ஆராய்ச்சியில் பொதுமக்களுக்கும் ஆர்வம் பிறந்திருக்கிறது என்றேன். என் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

போகும்போது துரை இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஒருவர் பேசியதை நான் எடுத்துச் சொல்லும்வரை மற்றவர் வாய் திறக்கமாட்டாரே, வீம்புக்காக, அதைத்தான் அவர் கவனித்திருக்கிறார். அடுத்த வருடத்துக்கும் பணம் உண்டு என்று அங்கேயே சொல்லிவிட்டு, கண்கள் கலங்க, இங்கிலீஷில் சொன்னார்:

"எத்தனையோ ஜோடிகளைப் பார்த்துவிட்டேன். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பதை இங்கேதான் பார்க்கிறேன்."

பந்தியில்

தை மாதம் ஹட்டனில் கல்யாணம். முத்தையாபிள்ளை தன் உறவினர்களிடம் மாப்பிள்ளை "கம்பெனியில்" இருப்பதாகச் சொல்லியிருந்தார். என்ன கம்பெனி என்று கேட்டவர்களைப் பந்திக்கு அனுப்பிவிட்டார். இரண்டு அறிஞர்களும் வந்திருந்தார்கள். ஒரே வரிசையில், நடுவில் ஓர் இலையைக் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். நான் மாலையும் கழுத்துமாகப் பந்தியைச் சுற்றிப் பார்க்கப் போனால், "மாஸ்டர், அவவுக்கு வடை வேணுமோ எண்டு கேளுங்கோ" என்கிறார் ஐயா. "இரண்டு வேண்டும் என்று இயம்புக" என்கிறார் அம்மா. என்னோடு வந்த புஷ்பம் இதைக் கவனமாகப் பார்த்தாள். என் பக்கம் சாய்ந்து, முதல் தடவையாக என்னோடு பேசினாள்:

"ஏங்க, நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல யாரு உக்காருவாங்க?"

பிறகு பணமும் முடிந்தது, அறிக்கையும் வந்தது, மேலே ஒருவர் எழுதியதைக் கீழே அடிக்குறிப்பில் மற்றவர் மறுக்கிற மாதிரி. ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று அவ்வளவு காலம் மலை மலையாகக் கேட்டுத் திரிந்ததில் எனக்குத் தெரியவந்தது, அது பெரும்பாலும் நடுவில் இருப்பவன் கொஞ்சம் மாற்றிச் சொன்னால்தான் போய்ச் சேருகிறது என்பதே.